பதின்மூன்று தேர்தல்களும் ஒரு பாடமும்

ஒருவர் ஒரு சபையில் நெடுங்காலம் அமர்ந்திருந்தார் என்பது தன்னளவிற் புகழுக்குரிய செய்தியன்று. சபாமண்டபத்தின் தூண்களும் நெடுங்காலமாகத்தான் நிற்கின்றன. மக்கள் ஒருவரைத் திரும்பத் திரும்ப ஏன் அங்கே அனுப்பினார்கள், அனுப்பப்பட்டவர் அங்கிருந்து என்ன செய்தார், செய்யக்கூடியதாயிருந்தும் செய்யாமல் விட்டது எது, செய்ய விரும்பியும் செய்ய முடியாமற் போனது எது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அவருடைய பொதுவாழ்வை நிறுத்துப் பார்த்தல் தகும். தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல்களிற் பதின்மூன்று முறை நின்று பதின்மூன்று முறையும் வென்றவரான திரு. மு. கருணாநிதி அவர்களின் சட்டசபை வாழ்வை இந்த முறையிலே ஆராய்வது இன்று நமக்குப் பயன் தருவதாகும்.

இலங்கைத் தமிழ்பேசும் மக்களுக்கும் அவருக்குமிருந்த உறவு எளிதானதன்று. அவருடைய தமிழைக் கேட்டு மகிழ்ந்த நம்மவர் தொகை பெரிது. 2009 ஆம் ஆண்டுக்குப் பின் அவர் பெயரைக் கேட்டாலே முகஞ் சுளித்த நம்மவர் தொகையும் சிறிதன்று. அன்பினால் எழுதப்படும் வரலாறும் குறைபட்டது. ஆத்திரத்தால் எழுதப்படும் வரலாறும் குறைபட்டது. ஆகவே நாம் இங்கே அவருக்கு விழா எடுக்கவும் முன்வரவில்லை; வசை பாடவும் முன்வரவில்லை. ஒரு மாநிலச் சட்டசபை என்றால் என்ன, அதனால் ஒரு மக்களுக்கு என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்பதை அவர் வாழ்வினூடாகப் பார்ப்பதே நமது நோக்கம். இக்கேள்வி நம் வீட்டு வாசலிலே நிற்கும் கேள்வியாகும்.

1956 ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. அவ்வாண்டு யூன் மாதத்தில் இந்நாட்டுப் பாராளுமன்றம் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்று சட்டமியற்றியது. அதே ஆண்டு நவம்பர் முதலாந் திகதி இந்தியாவில் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. ஒரே ஆண்டில் ஒரு நாடு தன் மொழிகளுக்கு எல்லை வகுத்து அதிகாரம் கொடுத்தது. மற்றொரு நாடு தன் மொழிகளுள் ஒன்றுக்கு அரியணையும் மற்றதற்கு வாசற்படியும் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1957 இல், முப்பத்துமூன்றாம் வயதை எட்டிக்கொண்டிருந்த கருணாநிதி குளித்தலைத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். அதே 1957 இல் யூலை 26 ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அங்கே நுழைந்தவர் அறுபது ஆண்டுகள் கழித்தும் அச்சபையின் உறுப்பினராகவே மறைந்தார். இங்கே உறுதியளிக்கப்பட்ட பிரதேச சபைகளோ ஓராண்டு நிறையுமுன்னரே, 1958 ஏப்ரிலில், கிழித்தெறியப்பட்டன. இரண்டு வரலாறுகளும் ஒரே நாழிகையில் தொடங்கியவை என்பதை மனத்திற் கொண்டால்தான் பின் வருவன விளங்கும்.

திருக்குவளை என்னும் சிற்றூரில் 1924 யூன் 3 ஆம் நாள் பிறந்த அவர் கல்லூரிப் படியேறாதவர். வழக்குரைஞரும் பெருநிலக்காரரும் பட்டதாரிகளும் நிறைந்திருந்த சபையிற் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவில் ஒருவராக அமர்ந்தார். அவர் அங்கே முதன்முதற் பேசிய பொருள் மொழியன்று, சினிமாவுமன்று. நங்கவரம் உழவர் பிரச்சினை. 'நாடு பாதி, நங்கவரம் பாதி' என்று அவ்வூர்ப் பக்கத்தார் சொல்லுமளவுக்குப் பெரிய பண்ணை அது. கையேரு வாரம் என்னும் முறையிலே அந்நிலங்களைப் பயிரிட்டு வந்த குடிகளை வெளியேற்ற முயன்றபோது அக்குடிகளோடு நின்று போராடியவர், அவ்வழக்கையே சபையிற் கொண்டுசென்று வைத்தார். தொகுதியின் நோவை அறிந்து, அதைச் சபையின் மொழியிற் சொல்லக் கற்றுக்கொள்ளுதலே சட்டசபை உறுப்பினன் ஒருவனுக்கு முதற்பாடம். இந்நாட்டிலும் 1958 இல் நெற்காணிச் சட்டம் வந்தபோது வாரக்குடிகளின் உரிமைபற்றி வயல்வெளிகளில் எழுந்த வாதங்களை முதியோரான கமக்காரர் நினைவு கூர்வர்.

1962 இற் கழகத்தின் தலைவரான அண்ணாத்துரை அவர்களே காஞ்சிபுரத்திலே தோற்றார். ஆனால் கருணாநிதி தஞ்சாவூரிற் செல்வாக்கு மிக்க ஒருவரை எதிர்த்து வென்று, சபையில் எதிர்க்கட்சியின் துணைத் தலைவரானார். அங்கேதான் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாகப் படிக்கவும், மந்திரிமாரைத் துணைக்கேள்விகளால் மடக்கவும், கொள்கையைக் கணக்காக மாற்றவும் அவர் பழகினார். 1967 இல் ஆட்சி கைக்கு வந்தபோது பொதுப்பணி மந்திரியானார். அண்ணாத்துரை மறைந்தபின் 1969 பெப்ரவரி 10 இல் முதலமைச்சரானார். எதிர்க்கட்சி வாங்கில் பத்தாண்டு கற்றவரே மந்திரி நாற்காலியில் நிலைத்தார் என்பது, முதல் நாளே மந்திரிப் பதவி கேட்கும் நம்மவர் சிந்திக்க வேண்டிய செய்தி.

அவர் ஆட்சிக் காலத்துச் சட்டங்களுட் கமக்காரர் அறியவேண்டியவை சில உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அவருடைய கட்சியே ஆட்சி செய்துகொண்டிருந்த வேளையில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிற் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தினர் நாற்பத்துநால்வர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அது அக்கட்சியின் நெற்றியில் விழுந்த வடு. அதன் பின்னர் 1969 இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970 இற் காணி உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப்பட்டது. 1971 இற் குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் காணியிற் குடிசை கட்டி வாழ்ந்த உழவுத் தொழிலாளருக்கு அக்குடிசை நின்ற நிலத்தை உரிமையாக்கிற்று. உச்சவரம்புச் சட்டத்தின் விலக்குகளும், பிறர் பெயரில் எழுதப்பட்ட உறுதிகளும் பெருநிலக்காரருக்கு வழி விட்டன என்பது உண்மை. எனினும் காணிச் சொந்தக்காரன் 'எழும்பு' என்றால் எழும்பிப் போக வேண்டியிருந்தவனுக்குக் குடியிருக்க உரிய நிலம் கிடைத்தது சிறு காரியமன்று. குடாநாட்டிற் பிறர் வளவிற் குடியிருந்தவர்களின் கதையும், மலைநாட்டில் இன்னும் முழுமையாக நீங்காத லயன் காம்பராக்களின் கதையும் அறிந்த நாம் இதன் பெறுமதியை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1989 இல் நிறைவேற்றிய வாரிசுரிமைத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலே பெண் மக்களுக்கும் ஆண் மக்களோடு ஒத்த பங்கு கொடுத்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் அவ்வாறு திருந்தியது 2005 இலேதான். 1973 இல் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஒழித்தார். 1999 இல் மதுரையிலே முதலாவது உழவர் சந்தையைத் திறந்தார். விளைவித்தவன் இடைத்தரகனின்றித் தானே நிறுத்து விற்கும் இடம் அது. சந்தையிற் கழிவு என்ற பெயரில் நிறையின் ஒரு பங்கை இழந்து வீடு திரும்பும் நமது தோட்டக்காரருக்கு இது எத்தகைய சீர்திருத்தம் என்பது உடனே புரியும். 2006 இல் ஐந்தாம் முறை முதலமைச்சரானவுடன் கூட்டுறவுச் சங்கங்களில் விவசாயிகள் பட்டிருந்த ஏறத்தாழ ஏழாயிரங் கோடி ரூபாக் கடனைத் தள்ளுபடி செய்தார். எல்லாம் நன்மையே என்று நாம் சொல்லோம். நீரிறைப்புக்கு மின்சாரத்தை இலவசமாக்கியதன் பயனாக ஏழைக் கமக்காரன் மூச்சு விட்டான்; ஆனால் அளவின்றி இறைத்த இடங்களில் நிலத்தடி நீர் கீழே போயிற்று. சுண்ணக்கற் பாறையின் நன்னீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தார் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இச்சட்டங்கள் யாவும் நிறைவேறிய இடம் எது? தில்லிப் பாராளுமன்றமன்று. ஒரு மாநிலச் சட்டசபை. காணி, விவசாயம், சந்தை, பாடசாலை, வைத்தியசாலை, பொலிஸ் என்பன அச்சபையின் அதிகாரத்துக்குள் இருந்தமையாலே கல்லூரி காணாத ஒருவர் தம் மக்களுக்கு இவற்றைச் சட்டமாக்கிக் கொடுக்க முடிந்தது. பேச்சுவன்மையால் மட்டும் இவை வந்தில. அதிகாரமில்லாத சபையிற் கருணாநிதி அமர்ந்திருந்தாரானால் நல்ல பேச்சாளர் என்ற பெயரோடு அவர் கதை முடிந்திருக்கும்.

ஆனால் அவ்வதிகாரமும் முழுமையானதன்று என்பதை அவரே முதலிற் கண்டவர். 1969 இல் நீதிபதி இராசமன்னார் தலைமையிலே மத்திய - மாநில உறவுகளை ஆராயக் குழுவொன்றை நியமித்தார். அக்குழு 1971 இல் அறிக்கை கொடுத்தது. மாநில அரசைக் கலைக்க மத்திக்கு அதிகாரம் வழங்கும் அரசியலமைப்பின் 356 ஆம் பிரிவை நீக்க வேண்டுமென்பது அதன் முக்கிய பரிந்துரைகளுள் ஒன்று. 1974 ஏப்ரிலிற் சட்டசபை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில், மாநிலத் தலைநகரிலே கொடியேற்றும் உரிமை தேசாதிபதியின் தரத்திலிருந்த கவர்னரிடமிருந்து மக்கள் தெரிந்த முதலமைச்சருக்கு மாறிற்று. அது அவர் கேட்டுப் பெற்ற உரிமை, இந்தியாவின் எல்லா முதலமைச்சருக்கும் உரியதாயிற்று. ஆயினும் 1976 ஜனவரி 31 இல், அவசரகாலத்தை எதிர்த்து நின்ற அவருடைய ஆட்சி அதே 356 ஆம் பிரிவினாற் கலைக்கப்பட்டது. 1991 ஜனவரி 30 இல் மீண்டும் கலைக்கப்பட்டது. கவர்னரிடமிருந்து அறிக்கை கூட இல்லாமல் அது நடந்தது. 1994 இல் உயர் நீதிமன்றம் பொம்மை வழக்கிலே, பெரும்பான்மை என்பது சபையிலே சோதிக்கப்பட வேண்டியது, கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று தீர்த்த பின்னரே அந்த வாள் ஓரளவு உறையிற் புகுந்தது.

இனி அவர் குறைகளையும் மறையாது சொல்லுவோம். 1976 இல் எந்தக் கையால் வீழ்த்தப்பட்டாரோ அந்தக் கையோடு 1980 இல் அவர் கூட்டுச் சேர்ந்தார். அவ்வாண்டு பெப்ரவரியில் எம்.ஜி.ஆர். அவர்களின் ஆட்சி அதே 356 ஆம் பிரிவினாற் கலைக்கப்பட்டபோது, மாநில சுயாட்சி பேசிய நா அதைக் கண்டிக்க எழவில்லை. மக்கள் அடுத்த தேர்தலில் எம்.ஜி.ஆரையே திரும்பவும் அனுப்பித் தீர்ப்புச் சொன்னார்கள். கருணாநிதி மிகச் சொற்ப வாக்குகளால் அண்ணாநகரில் தப்பினார். தனக்கு நேர்ந்தால் அநீதி, பிறனுக்கு நேர்ந்தால் அரசியல் என்று கொள்ளும்போது கொள்கை தன் வலிமையை இழக்கிறது. மேலும், அவர் அரசின் மீது சர்க்காரியா விசாரணைக் கமிஷன் சுமத்திய குறைகள் நீதிமன்றத்தில் முடிவு காணாமற் போனமையும், 1989 மார்ச் 25 இல் எதிர்க்கட்சித் தலைவியாயிருந்த ஜெயலலிதா அவர்கள் தாம் தாக்கப்பட்டதாகக் கூறிச் சபையை விட்டு வெளியேறிய அந்த அமளியும், பிற்காலத்தில் எதிர்க்கட்சியிலிருந்தபோது சபைக்குள் அமர்ந்து வாதிடாமல் வருகைப் பதிவேட்டிற் கையொப்பமிட்டுத் திரும்பிய நாட்களும், கட்சி ஒரு குடும்பத்தின் முதுசொம் போலாகியமையும் அவ்வரலாற்றிலே மறைக்க முடியாத கறைகள். சபையாற் பெரியவரானவர் சபையைத் தவிர்த்தல் தகாது.

இப்போது நமது வரலாற்றுக்கு வருவோம். திராவிட முன்னேற்றக் கழகம் 1949 செப்டெம்பரிலே தோன்றியது. இலங்கைத் தமிழரசுக் கட்சி அதே 1949 டிசம்பரிலே தோன்றியது. கழகம் தனிநாடு கேட்டுத் தொடங்கியது. தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டுத் தொடங்கியது. 1963 இற் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1974 இல் மாநில சுயாட்சி கேட்டது. நாமோ 1957 இற் பிரதேச சபை கேட்டு ஏமாந்தோம். 1965 இல் மாவட்ட சபை கேட்டு ஏமாந்தோம். 1972 இற் குடியரசு அரசியலமைப்பிலே நம் வேண்டுகோள்கள் யாவும் தள்ளப்பட்டன. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையிலே தனியரசுத் தீர்மானம் நிறைவேறிற்று. தனிநாட்டிலிருந்து சுயாட்சிக்கு வந்தார்கள் அவர்கள். சமஷ்டியிலிருந்து தனிநாட்டுக்குத் தள்ளப்பட்டோம் நாம். இத்தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் குருதியிலோ குணத்திலோ இல்லை. இந்தியாவிலே பிரிவினைப் பேச்சைத் தடுக்கச் சட்டமும் வந்தது என்பது மெய், ஆயினும் அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு சபை இருந்தது, மொழி இருந்தது, காணி இருந்தது. நமக்குத் திரும்பி வருவதற்கு எதுவும் வைக்கப்படவில்லை. அதிகாரப் பகிர்வு நாட்டைப் பிரிக்கும் என்று தென்னிலங்கையிலே இன்றும் அஞ்சுவோர் இந்த ஓர் உண்மையை மட்டும் ஆறுதலாக இருந்து எண்ணிப் பார்க்கட்டும்.

1972 பெப்ரவரியிலே தந்தை செல்வநாயகம் அவர்கள் தமிழ்நாட்டுக்குச் சென்று தலைவர்களைக் கண்டார். ஓர் அடிமை மற்றோர் அடிமைக்கு எப்படி உதவ முடியும் என்று பெரியார் அவரிடம் கூறியதாகச் சொல்வதுண்டு. கடுமையான சொல், ஆயினும் அதனுள் ஓர் அரசியலமைப்பு உண்மை அடங்கியிருந்தது. வெளிநாட்டு விவகாரம் மாநிலச் சட்டசபையின் பட்டியலில் இல்லை. 1983 யூலைக் கொடுமையின் பின்னர், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம், கருணாநிதியும் அன்பழகனும் தம் சட்டசபை உறுப்பினர் பதவிகளைத் துறந்தனர். அதே ஓகஸ்ட் மாதத்தில் இங்கே ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அத்திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். கடலின் இரு கரையிலும் தமிழரின் ஆசனங்கள் ஒரே காலத்தில் வெறுமையாயின. 1990 மார்ச்சில் இந்தியப் படை இங்கிருந்து திரும்பியபோது அதை வரவேற்க முதலமைச்சரான அவர் செல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஆட்சி கலைக்கப்பட்டபோது, ஈழத்து இயக்கத்துக்கு இடங்கொடுத்தார் என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. 1991 தேர்தலிலே, ராஜீவ் காந்தி கொலையின் பின் எழுந்த அலையில், துறைமுகத் தொகுதியில் 890 வாக்குகளால் மட்டுமே அவர் மிஞ்சினார். கட்சியின் வீழ்ச்சியைக் கண்டு அவ்வுறுப்புரிமையையும் விட்டு விலகினார். நம் பொருட்டு அவர் ஒன்றும் இழக்கவில்லை என்று கூறுவோர் இவற்றை மறந்தவராவர்.

எனினும் 2008, 2009 ஆம் ஆண்டுகளை இவை துடைத்துவிடா. அப்போது அவர் வெறும் மாநிலச் சட்டசபை உறுப்பினரல்லர். தில்லி ஆட்சியை அவருடைய கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களும் தாங்கி நின்றார்கள். 2008 ஒக்டோபரிற் சர்வகட்சிக் கூட்டம் கூட்டி, இரண்டு வாரத்திற்குள் யுத்தம் நிறுத்தப்படாவிடின் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி துறப்பர் என்று அறிவித்தார். அந்த மாதம் முடிவதற்கு முன்னரே, தில்லி மந்திரி ஒருவருடன் பேசியதன் பின், அவ்வறிவித்தலைக் கைவிட்டார். 2009 ஏப்ரில் 27 காலை மெரினாவில் உண்ணாவிரதமிருந்தார். கனரக ஆயுதங்கள் இனிப் பாவிக்கப்படமாட்டா என்ற கொழும்பின் அறிவிப்பை ஏற்று மத்தியானத்தோடு முடித்தார். முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுவது முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், அவர் கட்சி தில்லி அரசிலிருந்து விலகிற்று; அப்போது விலகியதனாற் காப்பாற்றப்படக்கூடிய உயிர் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 1983 இலே தன் ஆசனத்தைத் துறந்தவர், 2008 இலே தன் கட்சியின் ஆசனங்களைத் துறக்கத் துணியவில்லை. பதவி விலகியிருந்தால் யுத்தம் நின்றிருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால் செய்து பார்க்கவேண்டிய வேளையிற் செய்யாது விட்டார் என்பதை நாம் உறுதியாகக் கூறுவோம். அதிகாரமின்மை மன்னிக்கத் தக்கது. இருந்த அதிகாரத்தை வேண்டிய நாளிற் பயன்படுத்தாமை அவ்வாறன்று.

அவர் மீது இத்தீர்ப்பைக் கூறிய நாம் நம்மீதும் ஒரு தீர்ப்பைக் கூறியாக வேண்டும். அயல்நாட்டு மாநிலமொன்றின் முதலமைச்சரை நம் மீட்பராக எண்ணி, அவர் பேச்சை நம் பாதுகாப்பாகக் கருதி வாழ்ந்தது நமது பிழை. குளித்தலை உழவனுக்கும் திருவாரூர்க் கூலிக்காரனுக்கும் பொறுப்பானவர் அவர். அவர்களே அவரை அனுப்பியவர்கள். 2016 இலும் திருவாரூரில் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அனுப்பினார்கள். நாம் அவருக்கு வாக்களித்தவர்களல்லேம். வாக்கில்லாத இடத்தில் வேண்டுகோள் உண்டு, உரிமை இல்லை. நமக்கு உரிமையுள்ள இடம் நமது மண்ணும், அதில் நாம் தெரிந்தெடுக்கும் சபையுமே.

அச்சபையின் கதை என்ன? 1987 நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. வடக்கு - கிழக்குச் சபை 1988 இற் பிறந்து 1990 இற் கலைந்தது. 2006 இல் நீதிமன்றத் தீர்ப்பால் இரு மாகாணங்களும் பிரிந்தன. வடக்குக்கென்று முதற்சபை 2013 செப்டெம்பரில் தெரிவானபோது முப்பத்தெட்டு ஆசனங்களில் முப்பதை மக்கள் ஒரே அணிக்குக் கொடுத்தார்கள். காணி, பொலிஸ் என்பன ஏட்டில் மாகாணத்துக்கு உரியவை. நடைமுறையில் இரண்டும் கைக்கு வரவில்லை. அரசியலமைப்பிற் கூறப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை. மக்கள் அனுப்பிய சபைக்கு மேலே சனாதிபதி அனுப்பிய ஆளுநர் அமர்ந்திருந்தார். தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற்ற இராணுவத் தளபதியாகவும் இருந்தார். முதலமைச்சர் நிதியத்தை அமைக்கும் நியதிச்சட்டத்துக்குக் கூட வழி விடப்படவில்லை. கருணாநிதி கண்மூடிய அதே 2018 ஆம் ஆண்டின் ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுளும் முடிந்தது. அதன் பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல வெறுமையாகக் கழிந்தன. கவர்னரின் ஆட்சியே மாகாணத்தின் ஆட்சியாயிற்று. கலைப்பதற்கு இந்தியாவிலே ஒரு பிரிவு வேண்டியிருந்தது. இங்கே தேர்தல் வைக்காமல் விட்டாலே போதும் என்பதை ஆட்சியாளர் கண்டுகொண்டார்கள்.

பழியை முழுதும் கொழும்பின் தலையிற் போட்டு நாம் கை கழுவுதல் நேர்மையன்று. தேர்தல் முறையை மாற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நமது பிரதிநிதிகளும் ஆதரவு கொடுத்தார்கள். அச்சட்டமே பின்னர்த் தேர்தலைத் தடுக்கும் பூட்டாயிற்று. சபை உயிரோடிருந்த ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் நிறைவேறின, நியதிச்சட்டங்களோ சிலவே. தீர்மானம் வேண்டாததன்று, மக்களுடைய வேதனையை உலகறியச் சொல்வதும் சபையின் கடமையே. ஆனால் தீர்மானத்தால் வாய்க்கால் துப்புரவாகாது. சந்தைக் கழிவு நிற்காது. பாடசாலைக்கு ஆசிரியர் வாரார். 2017 இல் அவைக்குள்ளேயே மந்திரிமாருக்கு எதிராக விசாரணையும் முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் எழுந்து, கிடைத்த சிறு காலத்தையும் விழுங்கின. அரைவயிற்றுக் கஞ்சியையும் அடிபட்டுச் சிந்தினோம் என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, மாகாண சபைத் தேர்தல் உரிய காலத்தில் நடந்தே தீர வேண்டும் என்பது ஆட்சியாளரின் தயவாக இராமற் சட்டத்தின் கட்டளையாக வேண்டும். எல்லை நிர்ணயம் முடியவில்லை, முறை முடிவாகவில்லை என்பன சாட்டுகளாக இனிமேற் செல்லக்கூடாது. இரண்டாவது, காணியும் பொலிசும் ஏட்டிலிருந்து இறங்கி மாகாணத்தின் கைக்கு வரவேண்டும். சமஷ்டியே நமது கோரிக்கை. மாகாண சபை அதற்கு ஈடன்று. எனினும் பெரியது வரும்வரை சிறியதைப் பாழாக்குவோம் என்பது அறிவுடைமையாகாது. 356 ஆம் பிரிவு தலைக்கு மேலே தொங்கியபோதும் அக்குறைபட்ட சபையிலிருந்தே குடியிருப்புச் சட்டமும் பெண்ணுரிமைச் சட்டமும் பிறந்தன அல்லவா? மூன்றாவது, சபைக்கு அனுப்பப்படுவோர் சட்டம் வரையவும் வரவுசெலவு வாசிக்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும்.

இம்மூன்றாவது காரியம் கொழும்பின் கையில் இல்லை. நமது கையில் இருக்கிறது. சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! மாகாணத்துக்கு வேண்டிய நியதிச்சட்டங்களை இப்பொழுதே எழுதி ஆயத்தமாக வைத்திருக்க உங்களைத் தடுப்பவர் எவர்? கிணற்று நீர்ப் பாதுகாப்பு, சந்தை நிறை, கூட்டுறவுக் கடன், முன்பள்ளி என்று விடயத்துக்கு ஒரு சிறு குழு அமைத்தாற் போதும். கமக்காரர்களே! வாக்குக் கேட்டு வருபவரிடம் உங்கள் வாய்க்காலைப் பற்றியும் உங்கள் வெங்காயத்தின் விலையைப் பற்றியும் முதலிற் கேளுங்கள். நங்கவரம் உழவரின் பிரச்சினையைச் சபையிற் பேசியவரே பின்னர் முதலமைச்சரானார். உழவன் கேட்கும் கேள்வியே நல்ல சட்டசபை உறுப்பினனை உருவாக்கும் பள்ளிக்கூடம்.

கருணாநிதியின் சபை வாழ்விலே பின்பற்றத்தக்கதும் உண்டு, தவிர்க்கத்தக்கதும் உண்டு. எதிர்க்கட்சி வாங்கிலிருந்து சலியாது கற்ற உழைப்பும், ஏழையின் வழக்கைச் சட்டமாக்கிய திறமையும், மாநிலத்தின் மானத்தைக் கேட்டுப் பெற்ற துணிவும் பின்பற்றத்தக்கவை. கொள்கையைக் கூட்டணிக்கு ஈடு வைத்தமையும், வேண்டிய நாளில் ஆசனத்தை விடத் துணியாமையும், கட்சியைக் குடும்பத்துக்கு எழுதி வைத்தமையும் தவிர்க்கத்தக்கவை. முன்னையது நமக்கு வேண்டிய முதல். பின்னையது நாமும் பட்டு அனுபவித்த நட்டம். இரண்டையும் ஒரே கணக்கேட்டிற் பதிந்துகொள்வோம்.

இன்னொருவர் சபையில் நமக்காக எழும் குரலை நாம் நன்றியோடு கேட்போம்; அதை நம்பி வாழோம். நம் சபையிற் கதவு பூட்டியிருக்கிறது. அதைத் திறக்கச் செய்வதும், திறந்தபின் தகுதியானவர்களை உள்ளே அனுப்புவதும், அனுப்பியபின் அவர்களிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பதும் நம் கடன். அதனைச் செய்யாத மக்களுக்கு எந்தக் கரையிலிருந்தும் விடிவு வாராது.